சிறுமலைக்குப் போகுமுன்: சாலை, காடு, தண்ணீர், மலைப்பழம்

கேள்வி: திருச்சியிலிருந்து வயதான பெற்றோர், இரண்டு குழந்தைகளோடு ஒரே நாளில் சிறுமலை போய்வர முடியுமா? கொடைக்கானல் மாதிரி இருக்குமா? அங்கே விளைகிற மலைப்பழம் ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது? திரும்பும்போது ஒரு வாழைக்கன்று வாங்கிவந்து வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா?

பதில்:

ஒரே நாளில் தாராளமாகப் போய்வரலாம். கொடைக்கானல் மாதிரி இருக்காது. மலைப்பழத் தோட்டங்களை அழித்தது ஒரு வைரஸ். கன்றை மட்டும் தயவுசெய்து வாங்கிவர வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, எந்தத் தொடரோடும் ஒட்டாமல் தனித்து நிற்கிற மலைத்திரள் சிறுமலை. மேற்கே தெரியும் பழனி மலை மேற்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தது. சிறுமலையோ கிழக்குத் தொடர்ச்சியின் தென்கோடியில் மிஞ்சியிருக்கிற குன்றுகளில் ஒன்று. வடகிழக்கில் கரந்தமலையும் தென்கிழக்கில் அழகர்மலையும் அதன் அக்கம்பக்கத்து உறவுகள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும்போது, கொடைரோடு தாண்டி வாடிப்பட்டி வரை இடப்பக்கம் கூடவே வருவது இந்த மலைதான். ரயிலில் போகிறவர்களும் அதே பக்கத்து சன்னலில் இதைப் பார்க்கலாம்.

மலைமேல் இருக்கும் ஊர்கள் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கொடைக்கானல் 2100 மீட்டர். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எதிர்பார்ப்பு சரியாக அமையும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. திண்டுக்கல் நகரமே 270 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஏறுகிற உயரம் 700 மீட்டரை ஒட்டித்தான் வரும். ஆகவே கீழே 38 டிகிரி அடித்தால் மேலே 33, 34. சித்திரை மதியத்தில் ஸ்வெட்டரோடு போய் நின்றால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மரநிழலும் காற்றும் இருப்பதால் உடம்புக்கு இன்னும் இதமாகத் தெரியும், அவ்வளவுதான். மார்கழி, தை மாதக் காலையில் கதையே வேறு. பனிமூட்டம் சாலைவரை இறங்கும், பெரியவர்களுக்குச் சால்வை கட்டாயம் வேண்டும்.

இங்கே பெரிய பூங்காவோ, படகு வரிசையோ, கடைத்தெருவோ இல்லை. காட்டுக்கு நடுவே காப்பி, மிளகு, எலுமிச்சை, பலா, வாழை பயிரிட்டு வாழ்கிற மக்களின் ஊர்கள் இருக்கின்றன. பார்க்கப் போகிறவர் அந்த வேலைக்கு நடுவே நுழைகிறார் என்ற நினைப்போடு போனால் சிறுமலை நிறையக் காட்டும். சுற்றுலாத் தலமாக மட்டும் நினைத்துப் போனால் இரண்டு மணி நேரத்தில் "அவ்வளவுதானா?" என்று தோன்றிவிடும்.

எப்போது போவது

இந்த மலைக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவமழை. மேற்கிலிருக்கும் பெரிய மலைகள் தென்மேற்குக் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு விடுவதால், ஆனி, ஆடியில் இங்கே காற்றும் தூறலுமாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். எனவே கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடிய மலை பச்சையாக, ஓடைகளில் நீரோடு இருக்கும். உங்கள் பெற்றோருக்கு இதுவே நல்ல காலம். பலாவுக்காகப் போகிறவர்கள் சித்திரையிலிருந்து ஆனிக்குள் போகலாம். மாசி, பங்குனி காட்டுத்தீக் காலம். இலை உதிர்ந்து சருகு காய்ந்து கிடக்கும், வனத்துறை கட்டுப்பாடுகளும் இறுகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்த பிறகு, தமிழ்நாட்டில் அனுமதியில்லாத மலையேற்றத்தை வனத்துறை லேசாக விடுவதில்லை. அது சரியான கண்டிப்புதான்.

கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் கிளம்பாதீர்கள். மலைச்சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் சகஜம். வண்டி ஏறும் சாலை ஒன்றே ஒன்று என்பதால், அது அடைபட்டால் மேலே இருப்பவர் மேலேயே இருக்க வேண்டியதுதான்.

சாலை

அந்த ஒரே சாலை திண்டுக்கல் பக்கம்தான் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் போய், சிறுமலைப் பிரிவில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஊரிலிருந்து மலைமேல்வரை மொத்தம் 25 கிலோமீட்டர் அளவுதான். வாடிப்பட்டி, பாலமேடு பக்கமிருந்து பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் அங்கிருந்து காரில் ஏற முடியாது. கைப்பேசி வரைபடத்தில் நேர்த்தூரம் பார்த்து அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அடிவாரத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி. பிளாஸ்டிக் பையும் மதுவும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெட்ரோலும் கைச்செலவுக்குப் பணமும் திண்டுக்கல்லிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சின்னச் சின்னக் கடைகளும் உணவகங்களும்தான். ஏழெட்டுப் பேராகப் போனால் காலையில் ஏறியவுடனேயே மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்துவிட வேண்டும். சொல்லாமல் ஒன்றரை மணிக்குப் போய் நின்றால் மீந்திருப்பதுதான் கிடைக்கும்.

சாவடி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் 18. ஏறும்போதே இருபுறமும் கவனியுங்கள். அடிவாரத்தில் உசிலும் வெள்வேலமும் சதுரக்கள்ளியுமாக முட்காடு. பாதி ஏறியதும் இலையுதிர் மரங்கள் உயரமாக வரத் தொடங்கும். கடைசி வளைவுகளை நெருங்கும்போது காற்றில் ஈரம் தெரியும், மரத்தண்டில் பாசி தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று விதமான காட்டைக் கடக்கிறோம். சிறிய மலையின் வசதி இது.

ஏறுவதில் பெரிய சிரமம் இல்லை. முதல் அல்லது இரண்டாவது கியரில் வளைவை எடுத்துக்கொண்டு, உள்பக்கத்தை வெட்டாமல் நம் பக்கத்திலேயே போனால் போதும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. இறங்குகிறவர் நின்று கொடுக்க வேண்டும். வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் ஏற்றிய வண்டிகள் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். அவை திரும்பி முடிக்கும்வரை பத்தடி தள்ளியே நில்லுங்கள். நெருங்கி நின்றால் இரண்டு பேரும் பின்னால் நகர வேண்டியிருக்கும்.

தப்பு நடப்பது இறங்கும்போதுதான். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் மூன்றாவது, நான்காவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார்கள். ஏழெட்டு வளைவுக்குள் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். அதற்கு முன்னால் கருகிய நாற்றம் ஒன்று வரும், அதுதான் எச்சரிக்கை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் தாழ்ந்த கியரில் நிறுத்தும் வசதி இருக்கும், அதைக் கீழே இருக்கும்போதே தெரிந்துகொண்டு ஏறுங்கள். கியரில்லாத ஸ்கூட்டர்தான் இந்தச் சாலையில் அதிகம் சிரமப்படும். அதில் எஞ்சினின் பிடிப்பு குறைவு, சுமை முழுவதும் பிரேக் மேலேயே விழும். இரண்டு பேர் உட்கார்ந்து இறங்கினால் பாதி வழியில் அகலமான இடம் பார்த்துப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். நாற்றம் வந்துவிட்டால் இருபது நிமிடமாவது நிறுத்துங்கள். சூடான பிரேக் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உலோகம் கோணிப்போகும். எண்ணெய் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிடுவது உயிருக்கு ஆபத்து.

குழந்தைகளுக்கு வாந்தி வரும் என்றால் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்க வேண்டாம். கைப்பேசி பார்க்க விடாமல், முன்னால் தெரியும் சாலையைப் பார்க்க வையுங்கள். பஸ்ஸில் போவதாக இருந்தால் திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்து உண்டு. நாளுக்குச் சில தடவைதான் என்பதால், ஏறும்போதே கண்டக்டரிடம் கடைசி வண்டி இறங்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே போனபின்

புதூர், பழையூர், தென்மலை, தாழக்கடை, அகஸ்தியர்புரம் எனச் சிற்றூர்கள் பரவிக் கிடக்கின்றன. கடை, உணவு வசதி எல்லாம் பெரும்பாலும் புதூர், பழையூர் பக்கம். பழையூர் அருகே சின்ன ஏரி ஒன்று இருக்கிறது. பெற்றோர் உட்கார்ந்து இளைப்பாற அது நல்ல இடம். 18-வது வளைவின் அருகே நின்று பார்த்தால் திண்டுக்கல் சமவெளி முழுவதும் விரியும். மழை விட்ட மறுநாள் காலை என்றால் மேற்கே பழனி மலையும் தெளிவாகத் தெரியும்.

நடக்க முடிந்தவர்களுக்கு அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலை. உச்சியில் சிவலிங்கம் இருக்கும் சிறு கோயில். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாதை சரளையும் பாறையுமாக இருப்பதால் செருப்பில் போக வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். அவர்களை ஏரிப்பக்கமே விட்டுச் செல்வது நல்லது. பத்து மணிக்குள் ஏறி முடித்துவிடுங்கள். மழைமேகம் கூடினால் உச்சியில் நிற்காதீர்கள், சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரமானது எதுவும் இல்லாததால் மின்னலுக்கு அதுவே முதல் இலக்கு.

அகத்தியர் தவம் செய்த மலை, அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையின் துண்டு விழுந்த இடம் என்றெல்லாம் மக்கள் சொல்வார்கள். மூலிகை வளம் இருப்பது உண்மைதான். அதற்காகக் காட்டிலிருந்து வேரையும் பட்டையையும் பிடுங்கிக்கொண்டு வருவது சட்டப்படி குற்றம். பெயர் தெரியாமல் பறித்த பச்சிலையை அரைத்துக் குடிப்பது வேறு வகை ஆபத்து.

குதிரைகளைப் பார்ப்பீர்கள். சவாரிக்காக வளர்க்கப்படுபவை அல்ல. சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் சாலைக்குக் கொண்டுவருவது அவைதான். இருபுறமும் சுமை தொங்கக் குறுகிய தடத்தில் வரும். எதிரே வந்தால் நாம்தான் மேட்டுப் பக்கமாக ஒதுங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் சுமை இடித்துத் தள்ளிவிடும். இப்படி இறங்கும் சரக்கு திண்டுக்கல்லில் "சிறுமலை செட்" என்றே பெயர்பெற்ற சந்தைக்குப் போய் ஏலத்தில் விலைபோகும்.

காட்டுமாடு

சிறுமலையில் இப்போது பெரிய விலங்கு காட்டுமாடுதான். காட்டெருமை என்று எழுதுவது பழகிவிட்டது, ஆனால் அது எருமை இனமில்லை, மாட்டினம். கருத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே காலுறை மாட்டியதுபோல வெள்ளை, ஆண் பெண் இரண்டுக்கும் கொம்பு. வளர்ந்த காளை 700, 800 கிலோவுக்குக் குறையாது. உண்ணிச்செடி காட்டுக்குள் பரவி அடியில் புல் முளைக்க விடாமல் செய்துவிட்டது. அதனால் புல்லும் தண்ணீரும் இருக்கிற தோட்டங்களுக்குள் அவை வருகின்றன. தோட்டக்காரருக்கு இது தினசரிப் பிரச்சினை.

சாலையில் கூட்டமாக நின்றால் வண்டியை முப்பதடி தள்ளி நிறுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும், விளக்கைத் தாழ்த்துங்கள், ஹாரன் வேண்டாம். அவை தாமாக ஒதுங்கும், பத்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். தனியாக நிற்கிற காளைதான் கணிக்க முடியாதது. தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் உடம்பைக் காட்டி நின்றால், நெருங்காதே என்று சொல்கிறது என்று பொருள். இருசக்கர வண்டியில் இருந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். படமெடுக்க இறங்கக் கூடாது. மாலை நாலு மணிக்கே இறங்கத் தொடங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமும் இதுதான்: அந்தி நேரத்தில் கருத்த விலங்கு வளைவில் நிற்பது கண்ணுக்கே தெரியாது.

குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். வளைவில் நின்று ஒருவர் முறுக்கு போட்டால், அடுத்த வண்டிக்காக அது சாலையிலேயே உட்காரும். குட்டிகள் சக்கரத்தில் அடிபடுவது இதனால்தான். உப்புச்சுவை ஒட்டியிருக்கிற தின்பண்ட உறைகளைக் காட்டுமாடு உறையோடு தின்றுவிடும். அது வயிற்றிலிருந்து வெளியே வராது. கொண்டுபோன குப்பையைத் திண்டுக்கல்வரை கொண்டுவந்துவிடுங்கள்.

தண்ணீர்

பார்க்கப் போகிறவர்கள் சாதாரணமாகக் கேட்காத விஷயம், ஆனால் இந்த மலைக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது. சிறுமலையில் விழுகிற மழை இரண்டு பெரிய ஆறுகளுக்குப் பிரிகிறது. வடபுறச் சரிவின் நீர் சந்தனவர்த்தினி ஆறாக இறங்கி, குடகனாற்றில் சேர்ந்து, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தென்புறச் சரிவின் நீர் சாத்தையாறாகப் பாலமேடு அருகே அணையில் தேங்கி, அங்குள்ள கண்மாய்களை நிரப்பி, வைகைப் படுகையில் சேர்கிறது. வாடிப்பட்டி பக்கம் குட்லாடம்பட்டியில் இறங்கும் தாடகை நாச்சியம்மன் அருவியும் இதே மலையின் நீர்தான். மழைக்காலத்துக்குப் பின் சில மாதங்கள்தான் அதில் தண்ணீர் இருக்கும். அந்தப் பக்கம் போவதானால் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய பனிமலையோ உயர்ந்த புல்வெளியோ இல்லாத இந்தச் சிறு மலை எப்படி மழை நின்று இரண்டு மூன்று மாதம் ஓடைகளை ஓடவைக்கிறது? மரத்தடியில் சேர்கிற இலைமக்கும் அதற்கடியில் இருக்கும் பொலபொலப்பான மண்ணும்தான் காரணம். பெய்கிற மழையை அவை குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகின்றன. நிழல் மரங்களுக்குக் கீழே காப்பி, மிளகு, வாழை என்று அடுக்கடுக்காகப் பயிரிடும் பழைய முறையில் இந்த மண் பெரும்பாலும் கலையாமல் இருக்கும். மரத்தை நீக்கிவிட்டு வெயிலில் காய்கறி போடும்போது முதல் இரண்டு மழையிலேயே மேல்மண் செம்மண் குழம்பாக இறங்கிவிடும். அணையில் சேரும் வண்டல் அப்படி வந்ததுதான். சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நட்டாலும் நிழல் கிடைக்கும், ஆனால் பலாவும் நாவலும் கலந்த நிழலுக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து.

மலைப்பழம்

சிறுமலைக்கும் வாழைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன் கொடும்பாளூர்ப் பக்கம் பிரிகிற மூன்று வழிகளைச் சொல்கிறான். வலப்பக்க வழியில், வாழையும் கமுகும் தென்னையும் மாவும் பலாவும் சூழ்ந்து ஓங்கிய "தென்னவன் சிறுமலை" தோன்றும், அதை வலப்புறமாக வைத்துக்கொண்டு போ என்கிறான். இடப்பக்க வழியில் வருவது திருமால் குன்றம், அதாவது அழகர்மலை. திருச்சியிலிருந்து வருகிற உங்களுக்கு இந்த நில அமைப்பு உடனே பிடிபடும். மறையோன் சொன்ன பட்டியலில் முதலில் நிற்கும் மரம் வாழை.

மலைவாழையில் இரண்டு வகை: விருப்பாச்சி, சிறுமலை. இரண்டுக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி பெரும்பாலும் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, ஆடலூர், பன்றிமலைப் பக்கம் விளைவது. கடையில் "சிறுமலைப்பழம்" என்று விற்பதில் நிறைய அங்கிருந்து வருவதுதான். அதுவும் நல்ல பழமே, ஆனால் பெயர் வேறு. இரண்டிலும் சதையில் நீர் குறைவு, வாசம் அதிகம், தோல் கருத்துச் சுருங்கினாலும் உள்ளே கெடாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதைத் தேடுவது இந்தக் குணத்துக்காகத்தான். தண்ணீரே சேர்க்காமல் சர்க்கரை, தேன், நெய்யோடு பிசைகிற பண்டத்தில், நீர் அதிகமுள்ள பழத்தைப் போட்டால் நாள்கணக்கில் நிற்காது, புளித்துவிடும்.

சமவெளி வாழை மாதிரி இதை வருடா வருடம் அழித்து நடுவதில்லை. நிழல் மரங்களுக்கு நடுவே 12 அடிக்கு 12 அடி இடைவெளியில், ஹெக்டேருக்குச் சுமார் 750 வாழை என்ற கணக்கில் வைப்பார்கள். சித்திரை, வைகாசியில் அல்லது ஆனி முதல் ஆவணிக்குள் நடவு. மழையை நம்பிய பயிர். தாய் மரம் குலை தள்ளி முடிந்ததும் பக்கக்கன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப் பல ஆண்டுகள் அதே குத்து நிற்கும். வளமான மண்ணில் இது அருமையான முறை. நோய் வந்தால் மட்டும் இதுவே பலவீனம்.

அந்த நோய் முடிக்கொத்து. கீழ்ப்பழனியில் 1970-களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, இந்த நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. சிறுமலையிலும் தோட்டம் தோட்டமாகப் போயின. வாழை போன இடத்தில் பலர் காப்பி, மிளகு, எலுமிச்சைக்கு மாறினார்கள்.

நோயின் அடையாளம் இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடிப்பக்கத்திலும் முதலில் தெரியும்: கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடும் விட்டுவிட்டு இருக்கும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நன்றாகத் தெரியும். பிறகு வரும் ஒவ்வொரு இலையும் குறுகி, விறைத்து, ஓரம் மஞ்சளித்து, எல்லாம் உச்சியில் கொத்தாக நிற்கும். அப்படிப்பட்ட வாழை குலை தள்ளாது, தள்ளினாலும் ஒன்றுக்கும் உதவாது. மருந்தே கிடையாது.

பரவும் வழி இரண்டுதான். ஒன்று, நோயுள்ள குத்திலிருந்து எடுத்த கன்று. இன்னொன்று, வாழை அசுவினி. இலையுறையின் அடியிலும் குருத்திலும் கூட்டமாக ஒளிந்திருக்கும் சிறு பழுப்பு நிறப் பூச்சி அது. நோய்ப்பட்ட வாழையில் ஒருமுறை சாறு குடித்தால் வாழ்நாள் முழுவதும் வைரஸைச் சுமக்கும், இறக்கை முளைத்தவை காற்றோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும். அரிவாளால் வெட்டுவதால் பரவும் என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்த நோய் அப்படிப் பரவுவதில்லை.

தோட்டக்காரர்கள் அதிகம் செய்கிற தவறு, நோய்ப்பட்ட மரத்தைப் பார்த்தவுடன் வெட்டிச் சாய்ப்பது. மரம் சாய்ந்ததும் அதிலிருக்கும் அசுவினி பசியோடு பக்கத்து வாழைக்கு நகரும். நோயை நாமே அனுப்பிவைத்ததாக ஆகிவிடும். முதலில் குருத்து, இலையுறை, அடியிலுள்ள பக்கக்கன்றுகள் எல்லாவற்றிலும் பூச்சிமருந்து நனையத் தெளித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி துளிர்க்காதபடி துண்டு துண்டாக நறுக்க வேண்டும். தண்டை மட்டும் வெட்டிவிட்டுக் கிழங்கை விட்டால், அதிலிருந்து வரும் ஒவ்வொரு கன்றும் நோயோடுதான் வரும். தெளிக்கும்போது எறும்பு வரிசையையும் கவனியுங்கள். அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கும், ஆகவே எறும்பு ஏறுகிற வாழையில் அசுவினி இருக்க வாய்ப்பு அதிகம். கைவிடப்பட்ட தோட்டம் பக்கத்தில் இருந்தால் நம் தோட்டத்தில் எவ்வளவு செய்தும் பலன் பாதிதான். நோய் அங்கேயே குடியிருந்து திரும்பத் திரும்ப வரும். ஊர் சேர்ந்து செய்யாமல் இந்த நோயை வெல்ல முடியாது.

கன்று வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இப்போது விளங்கியிருக்கும். வைரஸ் புகுந்து அடையாளம் தெரிவதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரை கன்று செழிப்பாகத்தான் தெரியும். தேர்ந்த கண்ணுக்கும் தப்பிவிடும். அதை நீங்கள் திருச்சியில் நட்டால், காவிரிக்கரை வாழைக்கு நடுவே கொண்டுபோய் வைப்பதாக ஆகும். நேர்மாறும் உண்மை: சமவெளியிலிருந்து கன்று, வாழையிலை, தண்டுத் துண்டு எதையும் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டுபோகும் இலைக்கட்டில்கூட அசுவினி பயணம் செய்யும். அதோடு, சமவெளி வெயிலில் இந்த வாழை வளர்ந்தாலும் மலையில் கிடைக்கும் அந்த மணமும் இறுக்கமும் பழத்தில் வராது. ஆசை விடவில்லையென்றால், திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் வைரஸ் சோதனை செய்த திசுவளர்ப்புக் கன்று எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். உங்களுக்கு அது உள்ளூரே.

பழம் வாங்க

கன்றுக்குப் பதில் பழமாக வாங்கிவாருங்கள். தோட்டக்காரரிடமோ சாலையோரக் கடையிலோ, காயாக இருக்கும் சீப்பு இரண்டும் பழுக்கத் தொடங்கியது ஒன்றும் எடுத்தால் பத்து நாள் வரும். காய் முழுக்கத் திரண்டு, விளிம்புகள் மழுங்கியிருக்க வேண்டும். விளிம்பு கூராக இருந்தால் முற்றாமல் வெட்டியது, பழுத்தாலும் சப்பென்றிருக்கும். காரில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வியர்த்துக் காம்பு அழுகும். பழைய சாக்கிலோ செய்தித்தாளிலோ சுற்றி, மேலே எதையும் வைக்காமல் கொண்டுவாருங்கள். வீட்டில் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கருத்து, பழுக்காமல் நின்றுவிடும். மஞ்சளானவுடன் சாப்பிட்டால் லேசான புளிப்பு இருக்கும். தோலில் கரும்புள்ளி விழுந்து, தோல் மெலிந்து சதையோடு ஒட்டும்வரை இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.